வறண்ட நிலத்தின் பறவைகள்: வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் பறவை நோக்கு

பறவைகளைப் பார்ப்பதற்கென்றே ஆப்பிரிக்காவுக்குப் பிரயாணம் செய்து, ஸெரெங்கெட்டி, மஸாய் மாரா முதலிய பெரும் வனங்களில் கூரை திறந்த வண்டியில் நின்றபடி காலையும் மாலையும் கழித்து, கண்டவற்றையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிற தமிழர்கள் இப்போது அங்கங்கே தென்படுகிறார்கள். வசதியுள்ளவர்கள் போய்வருவதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், அங்கே அவர்கள் கண்டு வியந்த நிலத்தின் அமைப்பு, அதாவது கோடையில் காய்ந்து பழுத்து மழைக்குப் பின் தளிர்க்கும் புல்லும், விட்டு விட்டு நிற்கும் குடை விரித்தாற்போன்ற முள்மரமும், வானத்தின் விளிம்பில் தனித்து எழும் பாறைக்குன்றும், காட்பாடியில் ரயிலேறி ஜோலார்பேட்டை வரையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற எவருக்கும் டிக்கெட்டுச் செலவோடு கிடைக்கக்கூடியவையே. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் இல்லை என்பது மெய்தான். பறவைகளைப் பொறுத்த மட்டில் நஷ்டம் நாம் நினைக்கிற அளவு பெரிதன்று. அந்த ஜன்னலோரக் காட்சியில் இறங்கி நடக்க விரும்புகிறவர்களுக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

இறங்கி நடப்பது என்பதை அழுத்தியே சொல்லுகிறேன். 1926-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஏற்பட்ட க்ரூகர் தேசியப் பூங்காவிலும் அதைப் போன்ற பிற வனங்களிலும், குறித்த சில இடங்களிலன்றி வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கலாகாது என்பது கண்டிப்பான விதி. துஷ்ட மிருகங்கள் உள்ள இடத்தில் அது நியாயமும்கூட. ஆனால் வண்டிக்குள் இருப்பவனுக்குக் கண் மட்டுமே துணை. நம் முட்காட்டில் காலால் நடக்கிறவனுக்குக் காது பாதி வேலையைச் செய்துவிடுகிறது; புல்லுக்குள் ஓடும் கௌதாரியை அதன் குரலால் முதலில் அறிந்து, பிறகு நின்று, பிறகு காண்கிறான். இந்த வரிசையைக் கற்றுக்கொள்ள நம் கரடுகளைக் காட்டிலும் தகுந்த பள்ளிக்கூடம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்பிரதேசத்தில் தோல் தொழில் வேரூன்றியதற்கும் இந்த முட்காட்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. குரோம் உப்பினால் தோலைப் பதனிடும் முறை பரவுவதற்கு முன், தென்னிந்தியத் தோலுக்கு வெளிநாட்டில் நற்பெயரைத் தேடிக்கொடுத்தது ஆவாரம்பட்டை. பட்டையில் ஊறிய தோலைக் கடுக்காயால் மெருகேற்றி மூட்டை கட்டிக் கப்பலேற்றினார்கள். பட்டை போதாமற் போகவே, தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கிழக்காப்பிரிக்காவிலிருந்தும் வாட்டில் பட்டை தருவிக்கப்பட்டது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் ஆவாரைக்கு அதிக வேலையில்லை. அதனால் ஆவாரை பிழைத்தது என்று சொல்லலாம். பறவை நோக்குகிறவனுக்கு அது ஒரு வழிகாட்டி. ஆவாரை மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் சரிவு பெரும்பாலும் ஏர் படாத நிலம், நிழல் மூடாத நிலம், ஆகையால் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு உகந்த நிலம். இதற்கு நேர்மாறானது அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சீமைக்கருவேலம். அது அடர்ந்துவிட்ட இடத்தில் புல் மறைகிறது. புல்லோடு வானம்பாடியும் மறைகிறது. சின்னானும் தவிட்டுக்குருவியும் அங்கே இருக்கும். அவற்றை உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே காணலாமாதலால், சீமைக்கருவேலங் காட்டைச் சுற்றிக்கொண்டு ஆவாரை, காரை, சூரை, வெள்வேல் நிற்கும் திறந்த வெளிக்குப் போய்விடுவதே உத்தமம்.

பருவத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி முடிய. கூடுகட்டுவதைக் காண விரும்பினால் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை. கோடையில் வேலூரின் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். அக்காலத்தில் விடியுமுன் இடத்தில் இருந்து எட்டரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்குவதாக இருந்தால் போதும். பத்து மடங்குக் கருவி கையில் நடுங்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம், காக்கியோ மங்கிய பச்சையோ நலம். குறிப்புப் புத்தகம் ஒன்றும் பென்சிலும் அவசியம். வியர்வை பட்டால் பேனா மை கலங்கிவிடும்.

முதலில் பழகவேண்டிய பறவை பனங்காடை. தந்திக் கம்பியிலோ மொட்டைப் பனையிலோ அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, கழுத்தும் மார்பும் துருவேறிய பழுப்பாகத் தோற்றமளிக்கும் அந்தப் பறவையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தரையில் ஒரு வெட்டுக்கிளி அசைந்தவுடன் அது இறக்கையை விரிக்கும். அப்போது கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாகப் பளிச்சிட்டு, இறங்கி இரையைக் கவ்வி, பழைய கம்பிக்கே திரும்பி, இரையைக் கம்பியில் இரண்டு முறை அடித்து விழுங்கி, மறுபடி பழுப்புப் பறவையாகிவிடும். ஆப்பிரிக்கப் பிரயாணிகள் தவறாமல் படமெடுத்து வரும் ஊதாநெஞ்சுப் பனங்காடை இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அழகில் நம்முடையது ஒரு மாற்றுக் குறைவென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பங்குனி, சித்திரையில் இது உயரே எழும்பிப் பக்கவாட்டில் புரண்டு புரண்டு கரகரத்த குரலோடு விழுந்து துணையை மயக்கும் கூத்தைக் காண, பனைகள் நிற்கும் வெளியில் ஒரு காலைப்பொழுது காத்திருப்பது வீணாகாது.

கம்பியை விட்டுக் கண்ணைத் தாழ்த்தினால், வெள்வேலின் உச்சியில் கருப்பு முகமூடி அணிந்தாற்போன்ற சிறிய பறவையொன்று தெரியும். சாம்பல் தலை, செங்காவி முதுகு, சிறகில் வெள்ளைத் திட்டு: கீச்சான். இதைக் கண்டதும் அடுத்த புதருக்கு ஓடிவிடாமல், அது உட்கார்ந்திருந்த மரத்தையே முள் முள்ளாகப் பாருங்கள். ஏதேனும் ஒரு முள்ளில் வெட்டுக்கிளியோ சிறு ஓணானோ கழுத்தில் குத்தப்பட்டுக் காய்ந்து தொங்கும். கூரிய நகமில்லாத இப்பறவை, இரையை முள்ளில் மாட்டியே கிழித்துத் தின்கிறது. தின்ன முடியாததை அங்கேயே விட்டு வைக்கிறது. முள் இருக்கும் தேசத்தில்தான் இந்த உபாயம் பலிக்கும்.

தரையைப் பார்க்கப் பழகுவதே இவ்வித நிலத்தில் கடினமான பாடம். வானம்பாடிகளில் இரண்டை இங்கே எளிதில் பிரித்தறியலாம். சாம்பல்தலை வானம்பாடியின் ஆண் நேரே மேலெழும்பி, சிறகை மடக்கிக் கல்லைப்போல விழுந்து, தரை நெருங்கும்போது மறுபடி எழும்பி விழும். ஜெர்டான் புதர் வானம்பாடியோ புதர் உச்சியிலிருந்து கொஞ்ச உயரம் மட்டும் பறந்து, சிறகை விரித்து வைத்தபடி மெதுவாக இறங்கும். நிறத்தை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இறங்கும் விதத்தை வைத்துச் சொல்லிவிடலாம். மஞ்சள்மூக்கு ஆள்காட்டி இதைவிடச் சோதிக்கும். கூடென்று ஒன்றில்லை, கூழாங்கற்களுக்கிடையே ஒரு சிறு குழி, அதில் கற்களின் நிறத்திலேயே முட்டைகள். வெயில் கொளுத்தும்போது தாய்ப்பறவை நீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்ந்து குளிர்விக்கும். ஆப்பிரிக்காவிலும் நம் தக்காணத்திலும் ஒருங்கே வாழும் கல்கௌதாரியின் ஆண், இதே உபாயத்தைக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் சுமப்பதற்குப் பயன்படுத்துகிறது. ஆள்காட்டிகள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் நீங்கள் முட்டைக்கு அருகே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த அடிச்சுவட்டிலேயே பின்வாங்குங்கள். தேடிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். நீங்கள் தேடி முடிப்பதற்குள் வெயில் முட்டையைக் கெடுத்துவிடும், அல்லது உங்களையே கவனித்துக்கொண்டிருக்கும் காகம் கெடுத்துவிடும்.

ஆடு மேய்ப்பவர்களைக் கண்டால் பேச்சுக் கொடுப்பது நல்லது. "பெரியவரே, இந்தப் பக்கம் கௌதாரி எங்கே கத்துது?" என்று கேட்டால், கைத்தடியால் ஒரு திசையைச் சுட்டிவிட்டு, கூடவே அங்கே பாம்பு உண்டா, கரடி நடமாட்டம் உண்டா என்பதையும் சொல்லிவிடுவார். இந்த இரண்டாவது செய்தி எந்தப் புத்தகத்திலும் அச்சாவதில்லை.

ஆப்பிரிக்காவோடு நமக்குள்ள சொந்தத்தைச் சுடலைக்குயில் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. கருப்பும் வெள்ளையும் கலந்து, தலையில் கூர்ங்கொண்டையோடு, தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து இந்தியாவுக்கு வருகிற இதன் கூட்டம் வடக்கே மழையின் தூதனாகப் போற்றப்படுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஊர் விட்டுப் போகாத சற்றுச் சிறிய இனமொன்றும் உண்டாதலால், ஆம்பூர் வேலியோரத்தில் கண்ட குயில் கடல் கடந்து வந்ததென்று உடனே எழுதிவிடக் கூடாது. எங்கிருந்து வந்தாலும் அதன் ஸ்வபாவம் ஒன்றே. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுக் கவலையற்றுத் திரியும். தூக்கணாங்குருவியும் ஆப்பிரிக்க வம்சத்து நெசவாளிதான். அந்தக் குடும்பத்தின் மிகப் பெரும்பாலான இனங்கள் அங்கே வாழ, விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் நமக்கு வாய்த்தன. கிணற்றுமேட்டு மரங்களில் ஆடி, ஆவணியில் தொங்கும் கூடுகளில் பாதி முடிந்த, தலைச்சீரா போன்ற கூடுகளைக் கவனியுங்கள். பெண் வந்து பார்த்து ஒப்பிய பிறகே ஆண் கூட்டைக் கட்டி முடிக்கும்.

இனிச் சொல்லப்போவது காணக் கிடைக்காத ஒரு பறவையைப் பற்றி. ஆப்பிரிக்கச் சமவெளியில் செத்த விலங்கைச் சூழ்ந்து சண்டையிடும் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளின் காட்சியை, ஒரு தலைமுறைக்கு முன்வரை தமிழ்நாட்டுக் கிராமத்தார் ஊர்ப்புறத்திலேயே கண்டிருக்கிறார்கள். மாடு செத்தால் தோலை உரித்து மண்டிக்கு அனுப்புவார்கள். மிச்ச உடலைப் பாறுகள் சில நாழிகையில் எலும்பாக்கிவிடும். தோல் தொழிலும் பாறும் ஒரே உடலைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று இடைஞ்சலின்றி வாழ்ந்தன. மாடுகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004-இல் நிரூபிக்கப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதற்குள் இந்தியத் துணைக்கண்டத்துப் பாறுகளில் சில இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் மடிந்துபோயின. பாலாறு கடலை நெருங்கும் பகுதியில் உள்ள திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் குருக்கள் கையால் அன்னம் வாங்கியுண்ட மஞ்சள்முகப் பாறுகளும் வருவதை நிறுத்திவிட்டன. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைக் காண நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். வேலூர் வானத்தில் பெரிய பறவை வட்டமிட்டால், வால் பிளவுபட்டிருக்கிறதா என்று பாருங்கள், பிளவுபட்டிருந்தால் கள்ளப்பருந்து. வெண்மையான அடிவயிறும் ஆந்தை போன்ற பெருந்தலையுமாக ஒரே இடத்தில் காற்றில் நின்றால் பாம்புக்கழுகு. தலை சிறுத்து, கழுத்து மொட்டையாகி, சிறகு அகன்ற பலகைபோல் விரிந்திருந்தால், குறிப்பும் படமும் உடனே எடுத்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயம் அது.

வேலூரைச் சுற்றியுள்ள பாறைக்குன்றுகள் தனி உலகம். குளிர்காலத்தில் அவற்றின் உச்சிப் பாறைகளில் நீலப் பூங்குருவி வந்து தங்கும். பள்ளமான பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை பகலெல்லாம் கண்ணைப் பாதி மூடி அமர்ந்திருக்கும். ஆனால் இங்கே தேட வேண்டிய பொக்கிஷம் மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இது. பாலாறு பிறக்கும் நந்தி மலையில் இதைக் காண்பதற்கென்றே தூரதேசத்தவர் வருகிறார்கள். பெரும்பாறைகளும் அவற்றினூடே ஆலும் இச்சியும் புதரும் கலந்த சரிவே அதன் வாசஸ்தலம். அத்தகைய சரிவுகள் ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் அடிவாரங்களில் ஏராளம். அது மற்றச் சின்னான்களைப்போல வெளியே வந்து நிற்காது. பழுத்த அத்தி ஒன்றைக் கண்டுபிடித்து, நிழலில் அமர்ந்து, அது உங்களை நாடி வரும்வரையில் பொறுத்திருங்கள். கரடி வாழும் பாறைகள் இவை. விடியலிலும் அந்தியிலும் தனியே ஏறுவது அறிவீனம். குடியாத்தம், பேரணாம்பட்டுக்கு வடக்கே ஆந்திர எல்லையிலுள்ள காடுகள் கௌண்டின்யா சரணாலயத்தோடு தொடர்ந்தவை. அங்கே யானை உண்டு. காப்புக்காட்டுக்குள் நுழைய வனச்சரக அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பதை, வழியில் யாரும் தடுக்கவில்லை என்ற காரணத்தால் மறந்துவிடக் கூடாது.

பாலாற்றைப் பற்றிச் சொல்லும்போது மனம் கசக்கத்தான் செய்கிறது. 348 கிலோமீட்டர் ஓடுவதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குரிய இந்நதி, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவும், மணல் போன இடங்களில் சீமைக்கருவேலமாகவும் கிடக்கிறது. தோல் தொழிற்சாலைகளின் கழிவால் கெட்ட நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்ற கணக்கு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பறவை நோக்குகிறவன் இதை அறிந்திருக்க வேண்டியதற்குப் பிரத்தியட்சமான காரணம் உண்டு. கழிவுநீர் தேங்கிய குட்டையொன்றில் நெடுங்கால் உள்ளான்கள் இளஞ்சிவப்புக் கால்களோடு வரிசை வரிசையாக நின்று மேய்வதையும், வாலாட்டிகள் கரையெங்கும் ஓடுவதையும் கண்டு, நீர் சுத்தமாகிவிட்டதென்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பறவைகள் அங்கே கூடுவது புழுவும் ஈயின் குடம்பியும் மலிந்திருப்பதால். நல்ல நீருக்குச் சாட்சி வேண்டுமானால், தெளிந்த நீரில் மீனைப் பார்த்தே பாய வேண்டிய கருப்புவெள்ளை மீன்கொத்தியைத் தேடுங்கள். அது காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாக நீரில் பாய்ந்து, மீனோடு எழுமானால், அந்த மடுவில் உயிர் இருக்கிறது. கழிவு வாய்க்காலின் அருகே நின்று பைனாகுலரைத் தூக்கினால் தொழிற்சாலைக் காவலாளி சந்தேகப்படுவது இயற்கை, முன்னதாகவே வாசலில் போய், "குருவி பார்க்க வந்திருக்கேன் பாய், கொஞ்ச நேரம் கரையில நிக்கலாமா?" என்று கேட்டுவிட்டால் பெரும்பாலும் நாற்காலியே கிடைக்கும்.

வேலூர்க் கோட்டை அகழியில் நீர்க்காகமும் வக்காவும் உண்டு. ரயிலுக்கு நேரமிருப்பவர்கள் பார்க்கலாம், அதற்கென்று வர வேண்டாம். அமிர்தி காட்டாற்றோரம் காலைப்பொழுதுக்கு இதமானது. விடுமுறை நாட்களில் கூட்டமும் இரைச்சலும் அதிகம். மாறாக, ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைப்பாதையை அந்தி மயங்கும் வேளைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வானியல் ஆய்வாளர் வைணு பாப்புவின் பெயரால் அமைந்த தொலைநோக்கி நிலையம் அங்கே இருப்பதற்குக் காரணமான அதே இருட்டு, பக்கிகளுக்கும் உவப்பானது. சூடாறாத சாலையில் அவை உட்கார்ந்திருக்கும். வண்டி விளக்கில் கண்கள் நெருப்புத் துண்டாய் மின்னும். வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, காதைக் கொடுங்கள். பக்கி இனங்களைக் குரலால் மட்டுமே நிச்சயமாகப் பிரிக்க முடியும். கைபேசியில் பதிந்த குரலை ஒலிபரப்பிப் பறவையை இழுக்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. கூடு கட்டும் காலத்தில் அது எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று பறவையை அலைக்கழிப்பதாகும், ஆகவே விலக்கத்தக்கது.

நீர்ப்பறவைகளை விரும்புகிறவர்கள் கடைசி நாளைக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு ஒதுக்கலாம். மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பல்லவர் ஏரியாகச் சொல்லப்படும் அது, பாலாற்று அணைக்கட்டின் நீரால் நிரம்புவது. நிறைந்த ஏரியில் பறவை குறைவு என்பது புதியவர்களுக்கு வியப்பாயிருக்கும்; நீர் வடிந்து சேறு தெரியும் தை, மாசியில்தான் கூழைக்கடாவும் நாரையும் உள்ளானும் இறங்கும். வெயிலை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு நடக்கும்படி காலையிலோ மாலையிலோ கரையைத் தெரிந்துகொள்ளுங்கள். தொலைவில் வாத்துக் கூட்டம் காரணமின்றி ஒருங்கே எழும்பினால், வாத்துகளைப் பார்க்காமல் அவற்றுக்குக் கீழே நாணலை ஒட்டிப் பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். எண்ணுவதற்கு, முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவினால் மீதிக் கூட்டத்தை அளந்து போக வேண்டும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்புக்கு இப்படிப்பட்ட பட்டியல்களே தேவை. இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகிய நான்கையும் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிட்டுப் பிறகு பறவைகளை எழுதத் தொடங்குங்கள்.